கிளாக் முதலில், சுருதி அப்புறம்

விசிவி ராக் என்ற சின்தசைசர் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி, நாலு மாட்யூலை (ஒலியை உண்டாக்கி மாற்றுகிற சின்னச் சின்னப் பெட்டிகளை) இழுத்துப் போட்டு ஒயர் மாட்டி விளையாடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். திரைக்குள் ஓடுகிற அந்த ஒயரை வெளியே இழுத்து மேஜை மேல் இருக்கிற நிஜ சின்தசைசரில் சொருக முடியுமா? முடியும். ஆனால் யாரிடம் கேட்டாலும் "டிசி கப்பிள்டு இன்டர்ஃபேஸ் வாங்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதாவது அசையாத மின்னழுத்தத்தையும் வெளியே விடுகிற ஆடியோ இணைப்புப் பெட்டி. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டி, பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதை எல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது. நான் சொல்வது வேறு. கையில் இருக்கிற சாதா இன்டர்ஃபேஸை வைத்தே ஆரம்பியுங்கள், கிளாக்கிலிருந்து, அதாவது தாளத்தை நடத்துகிற துடிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஆண்ட்ரூ பெல்ட் 2017-ல் வெளியிட்ட இந்த விசிவி ராக், டீட்டர் டோப்ஃபர் தொண்ணூறுகளில் தொடங்கிவைத்த யூரோராக் முறையை, அதாவது நிஜ மாட்யூல்களை ஒயரால் இணைக்கிற முறையை, அப்படியே பின்பற்றுகிறது. ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும், கேட் என்ற ஆன்-ஆஃப் சிக்னல் வந்தால் ஸ்வரம் ஒலிக்கும். ராக்குக்குள் இருக்கிற வோல்ட் வெறும் எண்தான், ஆனாலும் விதி ஒன்றுதான். அந்த எண் ஆடியோ மாட்யூல் வழியாக வெளியே போகும்போது ராக்கின் 10 வோல்ட் என்பது இன்டர்ஃபேஸின் முழு அளவாக மாறும். அந்த முழு அளவு ஜாக்கில் நிஜமாக எத்தனை வோல்ட்டாக வரும் என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்.

சாதா இன்டர்ஃபேஸின் அவுட்புட்டில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குக் கேட்காது, அசையாமல் நிற்கிற டிசி மின்னழுத்தம் ஸ்பீக்கருக்குக் கெடுதல், அதனால் அதைத் தடுத்துவிடுகிறார்கள். பாட்டு கேட்பவருக்கு இது நல்லது, நமக்கு இதுதான் தலைவலி. சுருதி என்பது ஓர் இடத்தில் நிற்க வேண்டிய மின்னழுத்தம். 1 வோல்ட் அனுப்பினால் அது 1 வோல்ட்டாகவே நிற்க வேண்டும், கெபாசிட்டரோ அதைச் சற்று நேரத்தில் பூஜ்யத்துக்கு வடியவிட்டுவிடும். பிடித்த ஸ்வரம் தானாக வழுக்கிக்கொண்டு போகும்.

கிளாக்குக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. சீக்வென்சர், அதாவது ஸ்வரங்களைப் படிப்படியாக வரிசையில் ஓட்டுகிற பெட்டி, பார்ப்பது மின்னழுத்தம் திடீரென்று ஏறுகிற அந்த விளிம்பை மட்டும்தான். விளிம்பு கெபாசிட்டரைத் தாண்டிப் போய்விடும். இன்டர்ஃபேஸே இல்லாமல் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்துகூட இதைச் செய்யலாம். கோர்க் நிறுவனத்தின் சிங்க்கன்ட்ரோல் என்ற போன் ஆப் இந்த வழியில்தான் அவர்களுடைய வோல்கா என்ற சின்ன சின்தசைசர் பெட்டிகளை ஓட்டுகிறது. ஒரே ஒரு விஷயம், ஹெட்ஃபோன் ஜாக் ஸ்டீரியோ, அதில் மோனோ பின்னை நேராகச் சொருகாதீர்கள், ஒரு பக்கம் ஷார்ட் ஆகிவிடும். இரண்டாகப் பிரிகிற ஒய் கேபிள் வாங்கி, இடது பக்கம் கிளாக், வலது பக்கம் சத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கேபிள், ஜாக் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான், காலை பஸ்ஸில் போனால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம்.

என்னிடம் இருப்பது கோர்க் எஸ்க்யூ-1 என்ற சீக்வென்சர். இரண்டு வரிசை, வரிசைக்கு 8 குமிழ், கிளாக்கை வாங்குகிற சிங்க் இன் ஓட்டை ஒன்று. ராக்கில் டிரிகர் என்ற சின்னத் துடிப்பு என்றால் வழக்கமாக 1 மில்லிசெகண்ட் நீளம், வெளியே இருக்கிற பெட்டிகள் பல நேரம் அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். ராக்குக்கான இம்ப்ராம்ப்டு மாட்யூல் தொகுப்பில் இருக்கிற கிளாக்டு மாட்யூலில் துடிப்பின் அகலத்துக்கு ஒரு குமிழ் உண்டு, 10-15 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். வோல்கா வகைப் பெட்டிகளுக்கு ஒரு துடிப்புக்கு இரண்டு படி, அதாவது ஒரு அடிக்கு இரண்டு துடிப்பு. வால்யூமை முழுதாக வையுங்கள். விண்டோஸில் ஒலியை அழகுபடுத்துகிறேன் என்று வருகிற அத்தனை டிக்கையும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் சத்தத்தை அணைக்கவில்லை என்றால் மெசேஜ் வரும்போதெல்லாம் சீக்வென்சர் ஒரு படி தாவும், அதுவும் ஒரு தினுசு இசைதான், போகட்டும்.

"மிடி கிளாக் இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். மிடி என்பது இசைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற டிஜிட்டல் மொழி, அதில் ஒரு அடிக்கு 24 துடிப்பு. யூஎஸ்பி வழியாக அனுப்பும்போது கம்ப்யூட்டர் நடுவில் வேறு வேலை பார்த்தால் ஒரு துடிப்பு முன்னே, ஒன்று பின்னே என்று ஆடும். ஆடியோவாக அனுப்பினால் கிளாக்கும் டிரம் சத்தமும் ஒரே ஓடையில் போகின்றன. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் அந்த நுணுக்கத்துக்கு ஒட்டி நிற்கும். தாமதம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்புகிற அளவு, 128 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். ஆனால் அது எப்போதும் ஒரே அளவுத் தாமதம். வெளிப் பெட்டியின் சத்தத்தைத் திரும்ப ராக்குக்குள் எடுத்தால், உள்ளே ஓடுகிற சத்தத்தை அதே அளவு தள்ளிவைத்துவிட வேண்டியதுதான். நிலையான தாமதத்தைச் சரிசெய்யலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது.

காவேரிப்பட்டணம் பக்கம் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒருவர் வந்து இதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிப்பா, இது எட்டு எட்டாவே போய்க்கிட்டிருக்குதே" என்றார். எஸ்க்யூ-1-ல் ஒரு படியை அணைத்துவிடலாம். எட்டாவதை அணைத்தால் ஏழு, தகிட தகதிமி, மிஸ்ர சாபு. ராக்கில் டிரம் எட்டிலேயே ஓடட்டும், இரண்டும் 56 படிக்கு ஒருமுறை சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும். அண்ணன் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார், சமம் சரியாக விழுந்ததும் "ம், பரவால்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

சரி, இனி சுருதி. இதற்கு டிசி கப்பிள்டு இன்டர்ஃபேஸ் கட்டாயம் வேண்டும். உங்களிடம் இருப்பது அந்த ரகமா என்று பார்க்க எலக்ட்ரிகல் கடை மல்டிமீட்டர் போதும். ராக்கிலிருந்து அசையாத மின்னழுத்தம் ஒன்றை அனுப்பி, ஜாக்கில் மீட்டரை வையுங்கள். எண் நின்றால் டிசி போகிறது, வடிந்து பூஜ்யமானால் போகவில்லை. மோட்டு நிறுவனத்தின் பல இன்டர்ஃபேஸ்களில் டிசி போகும். யூரோராக் பெட்டிக்குள்ளேயே பொருத்துவது என்றால் எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் இஎஸ்-8 இருக்கிறது, 8 அவுட்புட், 4 இன்புட், 10 வோல்ட் வரை தரும், அதனால் ராக்கின் வோல்ட்டும் ஜாக்கின் வோல்ட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. மற்ற இன்டர்ஃபேஸ்களில் நீங்களே அளந்து, ராக்கில் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். இதில் சோம்பல்படாதீர்கள். 1 சதவீதம் பிசகினாலும் மூன்று ஸ்தாயி மேலே போகும்போது 36 சென்ட், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகிப்போகும். அளந்தபின் இன்டர்ஃபேஸின் வால்யூம் குமிழைத் தொடக் கூடாது, நான் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். இன்னொன்று, டிசி போகிற அவுட்புட்டில் தவறியும் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

இத்தனை மெனக்கெடுவது எதற்கு என்றால், மின்னழுத்தத்துக்குப் பன்னிரண்டு கட்டை என்ற கணக்கு தெரியாது, அதற்காகத்தான். ஸட்ஜம் 0 வோல்ட் என்றால் கீபோர்டில் அந்தர காந்தாரம் 0.333 வோல்ட். 5/4 விகிதத்தில் தம்புராவோடு ஒட்டி நிற்கிற காந்தாரம் 0.322. அந்த எண்ணை அப்படியே போட்டுவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கமகத்துக்கு, மின்னழுத்தத்தை மெல்ல மாற்றுகிற ஸ்லூ மாட்யூல் ஒன்று போட்டால் சறுக்கிக்கொண்டு போகும். மிடியில் சாதாரண கன்ட்ரோலருக்கு 128 படிதான், மெதுவாக இழுத்தால் மாடிப்படி கேட்கும்.

கரண்ட் விஷயம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் உறுமல் நின்றுவிடுகிறதா, அப்படியென்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிட்டன. பழைய வீடுகளில் எர்த் சரியாக இல்லாததால் இது இன்னும் மோசம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். உறுமலை நிறுத்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி விற்கிறார்கள், ஆடியோ ஒயருக்கு அது சரி, சுருதி ஒயரில் போட்டால் டிசியே போகாது. யூஎஸ்பி ஒயரில் மின் இணைப்பைப் பிரித்துவைக்கிற மலிவான ஐசோலேட்டர்கள் பெரும்பாலும் 12 மெகாபிட் வேகம்தான், நிறைய சேனல் உள்ள இன்டர்ஃபேஸ் அதில் ஓடாது. கரண்ட் போனால் எஸ்க்யூ-1 இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், லேப்டாப்பும் தாங்கும், நின்றுபோவது யூரோராக் பெட்டி மட்டும்.

திரும்பி வருகிற பாதைக்கு அவசரப்பட்டுச் செலவு செய்ய வேண்டாம். எஸ்க்யூ-1-ன் ஸ்வரங்கள் ராக்குக்குள் வர யூஎஸ்பி மிடியே போதும். யூரோராக்கின் சத்தத்தை உள்ளே எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை, அது 5 வோல்ட் மேலும் கீழும் ஆடும், சாதா லைன் இன்புட்டில் நேராகக் கொடுத்தால் கிழியும். மிக்சரிலோ அட்டென்யுவேட்டரிலோ பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு அப்புறம் கொடுங்கள்.