நெஞ்சுக் கொழுப்பு

எம்.ஆர்.ஐ அறையில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். "கொஞ்ச நேரம் சத்தமா இருக்கும், பயப்படாதீங்க" என்பதிலிருந்து "அசைஞ்சா மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்" என்பது வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு வாக்கியம்தான் வாயில் வராமல் அடம்பிடித்தது: "உங்க நெஞ்சுல எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு பார்க்கப் போறோம்." காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். திருவையாற்றுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இதுக்கு எதுக்குத் தம்பி மிஷின்? எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் பி.ஜி. டாக்டர் ஒருவர் தீசிசுக்கு ஒரு தலைப்பு எடுத்திருந்தார். சர்க்கரையோ இதய நோயோ இல்லாத ஆண்களிடமும் பெண்களிடமும் இதயத் தசைக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளப்பது. இதயத்தைச் சுற்றிப் போர்வை மாதிரி படிந்திருக்கும் கொழுப்பு வேறு, அது சாதாரணப் படத்திலேயே தெரியும். இது தசைச் செல்லுக்குள் துளித்துளியாக ஒளிந்திருப்பது. ஊசி, கத்தி இல்லாமல் இதைப் பார்க்க, எம்.ஆர்.ஐ மிஷினிலேயே எடுக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற அளவுமுறை வருவதற்கு முன்னால், ரத்தக்குழாய் வழியாகக் கம்பியை விட்டு ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுக்க வேண்டும். நன்றாக நடமாடுகிற ஆளிடம் போய் அதை யார் கேட்பது? 2007-இல் அமெரிக்காவின் டாலஸிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கே, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைவதற்கு முன்பே, இந்தக் கொழுப்பு ஏறிவிடுகிறது என்று காட்டியது. டாக்டருக்கு ஆர்வம் வந்தது அங்கிருந்துதான்.

ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் படம் வராது, கோடுதான் வரும். மூளைக் கட்டிகளுக்கு நாங்கள் அடிக்கடி எடுப்பதுதான். ஆனால் மூளை சும்மா கிடக்கும், இதயம் கிடக்குமா? இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி வரைவோம். எங்களுடையது 10-க்கு 20-க்கு 30 மில்லிமீட்டர், ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தச் சுவரின் தடிமனே பெண்களுக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 6 முதல் 10. அதனால் இதயம் சுருங்கி, சுவர் தடித்து நிற்கும் அந்த ஒரு நொடித்துணுக்கில் பிடிக்க வேண்டும். வருகிற கோட்டில் 4.7 என்ற இடத்தில் தண்ணீர் மலை மாதிரி நிற்கும். கொழுப்பு 1.3-இல். நல்ல இதயத்தில் அது தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே தண்ணீரை ஒரு தடவை அப்படியே அளந்துகொண்டு, அப்புறம் அதை அமுக்கிவிட்டுக் கொழுப்பைத் தேட வேண்டும். வயலில் மூக்குத்தி விழுந்தால் முதலில் வாய்க்காலை அடைத்துத் தண்ணீரை வடிப்பார்களே, அது மாதிரி.

இதெல்லாம் கான்சோலில் உட்கார்ந்த பிறகு. அதற்கு முன்னால் தாலி இருக்கிறது. தங்கம் காந்தத்துக்கு இழுபடாது. ஆனால் தாலிச் சங்கிலியில் தொங்கும் ஊக்குகள்? ஓர் அம்மாவிடம் ஏழு எண்ணினேன். அவசரத்துக்கு முள் எடுக்க ஒன்று, புடவைக்கு ஒன்று, மிச்சம் எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. சங்கிலியைக் கழற்றச் சொன்னதும் முகம் மாறிவிடும். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி ஒரு டப்பா நிறையத் தயாராகவே வைத்திருப்பார். அதைப் போட்டுவிட்டுத்தான் இதைக் கழற்றுவோம். ஆண்களிடம் இந்தத் தயக்கம் இல்லை, ஆனால் அரைஞாண் கயிற்றில் தாயத்து இருப்பதை மட்டும் உள்ளே படுத்த பிறகுதான் சொல்வார்கள்.

அடுத்தது ஈசிஜி. இதயம் சுருங்கும் அந்த நொடித்துணுக்கை மிஷின் அதை வைத்துத்தான் பிடிக்கும். காந்தத்துக்குள் ரத்தம் ஓடும்போது அதுவே ஒரு சிறு மின்சாரத்தை உண்டாக்கி, ஈசிஜி கோட்டின் கடைசி மேட்டைப் பெரிதாக்கிக் காட்டும். மிஷின் அதையே அடுத்த துடிப்பு என்று ஏமாந்துபோகும். மூச்சு இன்னொரு தலைவலி. இதில் எனக்குச் சுலபமாக இருந்த ஒரே ஆள், திருவாரூர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரர். "மூச்சை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு நானும் சேர்ந்து நிறுத்திப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு நான்தான் முதலில் விட்டேன்.

சரி, எண்கள் வரத் தொடங்கின. ஏழெட்டு வாரத்தில் பெண்களின் எண் தெளிவாக மேலே நின்றது. டாக்டருக்கு உற்சாகம். "அண்ணா, நல்ல ரிசல்ட் வருது" என்றார். எனக்கும் பெருமைதான், என் கையில் பிறந்த எண்ணாயிற்றே. ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேஸ் இல்லாத நேரத்தில், பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

தப்பு என்னுடையது. எல்லோருக்கும் ஒரே நீளப் பெட்டியை வைத்திருந்தேன். பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது. அந்த 30 மில்லிமீட்டர், சிலருக்குச் சுவரின் விளிம்புவரை போய், ரத்தக்குழாய் ஓடும் பள்ளத்தில் கிடக்கும் வெளிக்கொழுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, திரையில் நான் வரைவது தண்ணீரின் பெட்டி. கொழுப்பின் அலைவரிசை வேறு என்பதால் அதன் பெட்டி சற்றுத் தள்ளித்தான் விழும். நம் வயல் என்று நினைத்து வரப்பு தாண்டிப் பக்கத்து வயலில் அறுத்துக் கட்டிய கதைதான்.

இன்னொன்றை டாக்டரே கண்டுபிடித்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை அளக்கிறோம். ஒரு தடவை அளந்தபின் இதயத் தசையின் தண்ணீர் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும், கொழுப்பு சீக்கிரமே திரும்பிவிடும். துடிப்பு வேகமாக இருந்தால் தண்ணீர் பாதி மீண்ட நிலையிலேயே மறுபடி அளக்கப்பட்டுக் குறைவாகத் தெரியும். கொழுப்பை அந்தத் தண்ணீரால் வகுத்துப் பார்த்தால் கொழுப்பு கூடினது மாதிரி இருக்கும். பெண்களின் நாடித்துடிப்பு ஆண்களைவிட நிமிடத்துக்குச் சில துடிப்புகள் கூடுதல். குகை மாதிரி இருக்கும் மிஷினுக்குள் முதல் தடவை படுத்திருக்கும் பயம் வேறு.

தண்ணீரை அளக்க நாலைந்து துடிப்புகள் காத்திருந்தோம். பெட்டியைச் சுருக்கினோம். வர முடிந்தவர்களை மறுபடி கூப்பிட்டோம், பஸ் காசு டாக்டர் கையிலிருந்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி கண்ணெதிரே கரைந்தது. மிச்சம் இருந்ததை வைத்து இத்தனை பேரில் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். சப்பென்று இருந்தாலும் அதுதான் யோக்கியமான முடிவு என்று எனக்குப் பட்டது.

அத்தனை திருத்தத்துக்குப் பிறகும் ஒரே ஒருவரின் எண் மட்டும் மற்றவர்களைவிட நாலு மடங்கு நின்றது. சுவாமிமலைப் பக்கம், வயது 40-க்குள், ஒல்லியான உடம்பு, நடவு வேலைக்குப் போகிறவர். பெட்டி சரியாக இருந்தது, துடிப்பும் சரி. தேதியைப் பார்த்தேன். ஐப்பசி. போன் போட்டேன்.

"அக்கா, அன்னைக்கு வரும்போது என்ன சாப்பிட்டிருந்தீங்க?"

"நீங்கதானே தம்பி வெறும் வயித்துல வரச் சொன்னீங்க."

"அதுக்கு முந்தின நாள்?"

"சஷ்டி விரதம்ல. அஞ்சு நாளா ராத்திரி பாலு, ரெண்டு வாழைப்பழம். அவ்வளவுதான்."

டாக்டர் உடனே தேடி எடுத்துக் காட்டினார். நலமான ஆண்களை மூன்று நாள் பட்டினி போட்டும் பாதிப் பட்டினி போட்டும் ஏற்கெனவே அளந்திருக்கிறார்கள். சாப்பாடு குறையக் குறைய, இதயத் தசையில் கொழுப்பு ஏறியது. உள்ளே சோறு இல்லையென்றால் உடம்பு தன் சேமிப்பைக் கரைத்து ரத்தத்தில் விடும். இதயத்துக்குப் பிடித்த விறகே அதுதான், எரித்தது போக மிச்சத்தை உள்ளேயே அடுக்கி வைத்துக்கொள்ளும். ஆண்களைப் பட்டினி போட்டுக் கண்டுபிடித்ததை, எங்கள் ஊர்ப் பெண்கள் வருடா வருடம் சொந்தச் செலவில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று டாக்டர் சிரித்தார். அதன் பிறகு படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: கடந்த ஒரு வாரத்தில் ஏதாவது விரதம் உண்டா?

கார்த்திகையில் அந்த அக்கா மறுபடி வந்தார். எண் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"கொழுப்பு இல்லையா தம்பி?"

"இல்லைக்கா. விரதத்தாலதான் அப்போ ஏறியிருந்துச்சு."

"அதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன். எங்க மாமியாகிட்டக் காட்டணும்."

ஆய்வு ரிசல்ட்டை வெளியே கொடுக்கக் கூடாது. அவருடைய ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டு, 1.3-இல் கடுகளவு ஒரு மேடு வரைந்து, "இவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்து, மாட்டிவிட்ட ஊக்குகளுக்குப் பக்கத்தில் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.