மூன்று தொப்பிகள்

ஜனவரி 4, ஞாயிறு

எடின்பரோ நேஷனல் கேலரிக்கு ஒரே ஒரு ஓவியத்துக்காகப் போனேன். கறுப்பு உடை போட்ட பாதிரியார் கைகளைக் கட்டியபடி, உறைந்த டட்டிங்ஸ்டன் ஏரிமேல் ஒற்றைக் காலில் வழுக்கிப் போகிறார். பெயர் ராபர்ட் வாக்கர். வரைந்தது ஹென்றி ரேபர்ன், 1790களில். வரைந்தது ரேபர்ன் இல்லை, வேறொருவர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. ஐஸில் வழுக்கிப்போக உதவும் கத்தியான ஸ்கேட்டைக் காலோடு கட்டியிருக்கும் அந்தச் சின்ன நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாக்கரின் அப்பா ரோட்டர்டாமில் ஸ்காட்டிஷ் சபையின் போதகர். ஹாலந்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஐஸ் பழகாமல் இருக்குமா?

ஜனவரி 10, சனி

வாக்கர் 1780-இல் சேர்ந்த எடின்பரோ ஸ்கேட்டிங் கிளப்தான் உலகிலேயே மிகப் பழைய ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப் என்கிறார்கள். சேர்வதற்கு ஒரு பரீட்சை உண்டு. வலது காலில் ஒரு முழு வட்டம், இடது காலில் ஒரு முழு வட்டம். அப்புறம் ஒரு தொப்பியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பிறகு இரண்டு தொப்பி, கடைசியில் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. பணமும் பரம்பரையும் இருந்தாலும் கால் பேச வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஆண்களின் கிளப். அன்று என் மகள் கரையில்தான் நின்றிருப்பாள் என்று நினைக்கும்போது மனசு வலிக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

டட்டிங்ஸ்டனுக்கு நடந்தே போனோம். ஏரியில் ஐஸ் இல்லை, நாணலும் அன்னங்களும்தான். இப்போது அது பறவைகளின் சரணாலயம். வாக்கர் காலத்து கிளப்புக்குச் செயற்கை ஐஸ் ஏது? ஏரி உறைந்தால் ஆட்டம், உருகினால் வீடு. சில நாள் குளிருக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்த மனிதர்கள்.

ஜனவரி 17, சனி

மகளுக்கு ரிங்கில், அதாவது செயற்கை ஐஸ் தளத்தில், பயிற்சி. இன்று ஒற்றைக் கால் வட்டம். ஸ்கேட் கத்தியின் ஓரத்தில் உடம்பைச் சாய்த்து, வேகம் குறையக் குறையத் தோளை மெல்லத் திருப்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே இப்படி ஐஸில் போடும் கோலத்திலிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் உலகப் போட்டியில் பாதிக்கு மேல் மதிப்பெண் இதற்கே. 1990-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

வலது கால் வட்டம் ஒரு சாண் தள்ளி முடிந்தது. குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். இடது கால் அடுத்த வாரமாம்.