பெட்டியின் மேல் ஒரு பெயர்

ஆவணக் காப்பகத்தில் பட்டியல் தயாரிப்பது என் வேலை. குடும்பங்களிலிருந்து வரும் கடிதங்களையும் கணக்கு நோட்டுகளையும் பிரித்து, யார் எழுதியது, எந்த ஆண்டு, எதைப் பற்றியது என்று குறிக்க வேண்டும். பெட்டியின் மேல் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர்தான் இருக்கும். உள்ளே மனைவியும் சகோதரியும் எழுதியவை கட்டுக்கட்டாகக் கிடக்கும். பழைய பட்டியல்களில் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'குடும்பக் கடிதங்கள்' என்று ஒரே வரி.

அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பெண்களின் வாழ்வையும் உழைப்பையும் ஆராயும் துறைதான் பெண்கள் வரலாறு. அது 1960களில் திடீரென முளைத்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களின் உழைப்பைப் பற்றி வரலாற்றாசிரியர் ஆலிஸ் கிளார்க் 1919இலேயே எழுதிவிட்டார். அப்புறம் காகிதங்களைக் காப்பாற்றும் பாடு. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பெண்கள் இயக்கக் காப்பகத்தை 1940இல் நாஜிகள் அள்ளிச் சென்றார்கள். அதில் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது 1992இல்தான் தெரியவந்தது. வீடு திரும்ப 2003 ஆனது. அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் முன்னின்று நடத்திய பெண்கள் ஆவண மையமும் போதிய பணமில்லாமல் 1940இல் மூடப்பட்டது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

1972இல் வரலாற்றாசிரியர் கெர்டா லெர்னர் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பெண்கள் வரலாற்றுக்கென முதுகலைப் படிப்பையே தொடங்கினார். அரசிகளையும் தலைவிகளையும் தேடிச் சேர்ப்பதோடு நிற்கக் கூடாது என்று வாதாடியவர் அவர். அந்த வாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மார்த்தா பல்லார்டின் நாட்குறிப்பைத்தான் சொல்வேன். அவர் அமெரிக்காவின் மெய்ன் பகுதி மருத்துவச்சி. 1785 முதல் 1812 வரை எழுதினார்: வானிலை, நெசவு, வரவேண்டிய கூலி, பார்த்த 816 பிரசவங்கள். அற்ப விஷயங்கள் என்று முன்னால் பார்த்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாச்சர் உல்ரிக் அதே வரிகளைக் கூட்டிப் பார்த்து, ஊரின் பொருளாதாரத்தில் ஒரு பெரும் பகுதி பெண்கள் கையில் புரண்டதை 1990இல் காட்டினார். காகிதம் அதேதான். கேட்ட கேள்விதான் வேறு.

ஆண், பெண் என்ற பாகுபாட்டைச் சமூகம் எப்படி அமைக்கிறது என்று பார்ப்பதையே, அதாவது பாலினத்தையே, ஆய்வுக் கருவியாக வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் 1986இல் முன்வைத்த பிறகு, ஆண்களின் காகிதங்களையும் வேறு கண்ணால் பார்க்கிறோம். சொத்துப் பத்திரத்தில் யார் கையெழுத்து இல்லை என்பதும் இப்போது என் குறிப்பில் இடம்பெறுகிறது.

பழைய பட்டியல்களைத் திருத்தி வருகிறோம். மெதுவான வேலை. 'உன் அக்கா' என்று மட்டும் முடியும் கடிதத்துக்கு உயிலிலும் திருமணப் பதிவேட்டிலும் பெயர் தேட வேண்டும். பல சமயம் கிடைக்காது. அப்போதும் தனிப் பதிவு போடுகிறேன். கையெழுத்தின் அடையாளங்களையும் சேர்த்து எழுதுகிறேன். வேறொரு பெட்டியில் அதே கை தென்பட்டால், பின்னால் வருபவர் இரண்டையும் இணைக்கலாம்.