‘இயல்பு’ என்று போட்ட கட்டம்

“மழை பெஞ்ச வருசத்துல நெருப்பு எப்டிபா வரும்? இயல்புன்னு போட்டு அனுப்பு. ஏப்ரல்ல பாத்துக்கலாம்.”

பிப்ரவரிக் கடைசி, ராத்திரி பத்தரை மணி. அரிசோனாவில் அப்போது காலை பத்து. அங்கே இருக்கும் வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பும் தீ அபாயக் கணிப்பு ஷீட்டில் நான் ‘இயல்புக்கு மேல்’ என்று போட்டிருந்தேன். அண்ணன் சொன்னதும் மாற்றினேன். கீழே ஒரு அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தேன்: தாழ்நிலப் பகுதிகளில் புல் வளர்ச்சியைக் கவனிக்கவும். சின்ன எழுத்தில்.

அண்ணன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. கொடுங்கையூர் குப்பைமேடு புகைவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு நெருப்பு என்றால் சித்திரை வெயில், மழை என்றால் நெருப்புக்கு விடுமுறை. அரிசோனாவின் சோனோரன் பாலைவனத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். ஃபீனிக்ஸில் வருஷம் முழுக்கப் பெய்வதே 18 சென்டிமீட்டர் சொச்சம். புயல் வந்தால் எண்ணூர்ப் பக்கம் ஒரே நாளில் கொட்டிவிடும் அளவு. அங்கே ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே வெறும் மண். ஒன்றில் தீப்பிடித்தால் அதோடு அணைந்துவிடும், தாண்டிப் போக வழி கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நன்றாக விழுந்தால் அந்த இடைவெளியில் சிவப்பு புரோம், மத்தியதரைக்கடல் புல் என்று வெளியூர்ப் புற்கள் முளைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பச்சைக் கம்பளம். ஜனங்கள் பூப் பார்க்கக் காரெடுத்துக்கொண்டு வருவார்கள். ஏப்ரல் கடைசியில் அத்தனையும் வைக்கோல். செடிக்குச் செடி பாலம் போட்ட மாதிரி நிற்கும்.

2005-இல் கேவ் கிரீக் தீ, ஏறக்குறைய 2,48,000 ஏக்கர். 2020-இல் புஷ் தீ, 1,93,000 ஏக்கருக்கு மேல். அது ஆரம்பித்தது சாலையோரம் எரிந்த ஒரு வண்டியிலிருந்து. இரண்டுமே மழை நன்றாகப் பெய்த குளிர்காலத்துக்கு அடுத்து வந்த ஜூன் மாதத்தில். சகுவாரோ கள்ளிக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். நெருப்பைத் தாங்கும் உடம்பு அதற்கு இல்லை. இதெல்லாம் அன்று ராத்திரியே எனக்குத் தெரியும். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஷீட் போடும் முறை இதுதான். அக்டோபரிலிருந்து பெய்த மழையை 1991–2020 சராசரியோடு ஒப்பிட வேண்டும். செயற்கைக்கோள் பசுமைப் படத்தை எடுத்து, போன வருஷம் இதே வாரம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். போன வருஷத்துப் பழைய புல் விழாமல் நிற்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கப்புறம்தான் மார்ச் முதல் ஜூன் வரைக்குமான மழை, வெப்ப வாய்ப்பு. இந்தக் கடைசி எண்ணில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். ‘மழை குறைய 40 சதவீத வாய்ப்பு’ என்றால் மழை குறைவது உறுதி என்று அர்த்தமில்லை. குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று வகை இருப்பதால் சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே 33 வரும். அதைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாய்சி நகரில் இருக்கும் அமெரிக்கத் தேசியத் தீ மையம் மாதாமாதம் ஒன்றாம் தேதி நாலு மாத வரைபடம் போடும். நாங்கள் அதைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரின் இடத்துக்கு மட்டும் நுணுக்கி எழுதுவோம்.

‘இயல்பு’ என்ற சொல்லே வில்லங்கமானது. அங்கே இயல்பான ஜூன் என்பதே 40 டிகிரிக்கு மேல் வெயில், பிற்பகலில் ஒற்றை இலக்க ஈரப்பதம். இயல்பு என்றால் ஆபத்தில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவன் அப்படித்தான் படிப்பான், நானே அப்படித்தான் படிப்பேன்.

புல் ஏன் இவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை அண்ணனுக்கு அப்பளத்தை வைத்து விளக்கியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. ராயபுரத்தில் பொரித்த அப்பளத்தை வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் நமத்துவிடும். விறகுக்கட்டைக்கு ஒன்றும் ஆகாது. மெல்லியது காற்றின் ஈரத்தைச் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விடும். 6 மில்லிமீட்டருக்கும் மெலிந்த காய்ந்த புல், குச்சியை ‘ஒரு மணி நேர எரிபொருள்’ என்கிறார்கள். காலையில் கொஞ்சம் ஈரமாக இருப்பது மதியத்துக்குள் நாலைந்து சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது ஒரு பொறி போதும். வசந்தத்தில் வடக்கே காற்றழுத்தத் தாழ்வுகள் கடக்கும்போது தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று வேறு இழுக்கும்.

வாடிக்கையாளருடையது ஒரு சூரிய மின் நிலையம். எங்கள் ஷீட்டைப் பார்த்துத்தான் புல் வெட்டத் தேதி வைப்பார்கள். ‘இயல்பு’ என்று போனதால் மார்ச்சில் வெட்டவில்லை. ஏப்ரல் ஷீட்டில் ‘இயல்புக்கு மேல்’ என்று ஏற்றினோம். உடனே ஆள் அனுப்பினார்கள். அதற்குள் புல் காய்ந்துவிட்டது. பச்சையாக இருக்கும்போது இரும்பு பிளேடு கல்லில் பட்டால் சத்தம்தான் வரும். காய்ந்தபின் பட்டால் தீ. காய்ந்த புல்லை வெட்டியே ஆக வேண்டுமென்றால் காலை பத்துக்குள், நைலான் நரம்பு வைத்த மெஷினில், தண்ணீர் டேங்கும் மண்வெட்டியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் மதியம் இரண்டு மணிக்கு இரும்பு பிளேடில் வெட்டினார்கள். வேலிக்கு வெளியே தீ ஓடி, ஒரு மணல் ஓடையில் போய் நின்றது. உள்ளே ஒரு வரிசையில் பேனலுக்கு அடியில் போன கேபிளின் உறை உருகியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிக்குறிப்பு இருந்ததே என்று அண்ணன் சொன்னார். அவரைக் காப்பாற்றியது நான் போட்ட அடிக்குறிப்பு. என்னையும்தான்.

நான் அடம்பிடித்திருந்தால்? ‘இயல்புக்கு மேல்’ என்றே அனுப்பியிருந்தால் மார்ச்சில் வெட்டியிருப்பார்களா? தெரியாது, கான்ட்ராக்ட் ஆள் கிடைக்கவே மூன்று வாரம் ஆகும். மதியம் வெட்டச் சொன்னது நாங்கள் இல்லை. பிளேடு எங்களுடையது இல்லை. ஆனால் காய்ந்த புல்லில் அந்த பிளேடு இறங்கியதற்குக் காரணம் அந்த ஒரு மாதத் தாமதம். இப்படி நாலு வாக்கியம் எனக்குச் சாதகமாகச் சொன்னால் ஐந்தாவது வந்து காலை வாரிவிடுகிறது.

இடையில் ஒரு விஷயம். அங்கே பஃபல் புல் என்று ஒன்றைத் தன்னார்வலர்கள் கடப்பாரை வைத்துப் பெயர்த்தெடுக்கிறார்கள். 1930களில் மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்தது, எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். “இது கொழுக்கட்டைப் புல்லுடா, மாடு நல்லா தின்னும்” என்றார்.

அடுத்து இன்னொரு மழை வருஷம் வந்தது. இந்த முறை பிப்ரவரியிலேயே ‘இயல்புக்கு மேல்’ என்று போட்டேன். அண்ணன் எதுவும் சொல்லாமல் அனுப்பினார். மார்ச் முதல் வாரம் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டார்கள். மூன்றாவது வாரம் மழை பெய்தது. புல் மறுபடி முழங்கால் வரை வந்தது. இரண்டாம் முறை வெட்டிய செலவைக் குறிப்பிட்டு மெயில் வந்தது: முதல் தடவை அவசரப்படுத்தியது யார்?

அண்ணன் அதை எனக்கு ஃபார்வர்டு செய்திருந்தார். மேலே ஒரு வரிகூட எழுதவில்லை.