எங்க பட்டுச்சு சார்?

"எங்க பட்டுச்சு சார்?" என்று கேட்டாள். "மணிக்கட்டுல" என்றேன். அவளுக்கும் எனக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். வருவாய் மாவட்ட அரையிறுதி, 17 வயதுக்குட்பட்ட மாணவியர் கூடைப்பந்து. மூன்று வருடம் ஆகிறது. இருபது வருடமாக விசில் ஊதுகிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன், ஒருமுறை என் வண்டி டயரில் காற்றைப் பிடுங்கி விட்டிருக்கிறார்கள். அதெல்லாம் வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். இது மறக்கவில்லை.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. சண்டைக்குக் கேட்கிற பிள்ளை எப்படிக் கேட்கும் என்று நடுவராக இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பார்வையாளர்கள் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு கேட்கும். இவள் ஆட்டம் முடிந்து, எதிரணிப் பிள்ளைகளிடமும் அவர்கள் பயிற்சியாளரிடமும் கை கொடுத்துவிட்டு, நான் மேசையில் குனிந்து ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு நிமிரும்வரை ஓரமாக நின்றாள். அப்புறம் தன் இடது கையை நீட்டி, வலது கை ஆள்காட்டி விரலால் விரல் நுனி, புறங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினாள். கணக்கில் எந்த வரியில் தப்பு என்று வாத்தியாரிடம் நோட்டை நீட்டுவதுபோல. நான் சொன்னதும் அந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். "சரி சார், தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாது. பட்டதா என்பதே தெரியாது. நான் பார்க்கவில்லை.

அவள் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 11-ஆம் எண். உயரம் பெரிதில்லை, ஐந்தடி நான்கு அங்குலம் இருப்பாள். வலது ஷூவின் முன்பக்கம் பிளந்து, ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது. ஃப்ரீ த்ரோவுக்கு நின்றால் மூன்று தட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் ஒரு துடைப்பு, ஒரு மூச்சு, அப்புறம் பந்து. எதிரணிப் பிள்ளை ஷாட் எடுக்கும்போது மைதானத்தில் மற்ற ஒன்பது பேரும் ரிங்கைப் பார்ப்பார்கள். இவள் எடுக்கிற பிள்ளையின் கையைப் பார்ப்பாள். பந்து குறையுமா நீளுமா என்று அந்தக் கையிலேயே படித்துவிட்டு, விழப்போகிற இடத்துக்கு முதலில் போய் நின்று, பின்னால் வருகிறவளை முதுகால் தடுத்துக்கொள்வாள். இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். சொல்லிக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் வந்திருக்க வேண்டுமே. மைதான ஓரத்தில் நின்ற பி.டி. வாத்தியார்கள் எல்லாம் முதல் பாதியிலேயே "யாரு பிள்ளை இது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான்காவது கால்பகுதி, 38 விநாடி பாக்கி. அவள் அணி 41-40. அவள் கணக்கில் நான்கு ஃபவுல். அதில் இரண்டு நான் கொடுத்தவை, இரண்டும் சுத்தமான ஃபவுல், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பந்து அவளிடம். வலது பக்கமாக உள்ளே போனாள், இரண்டு பேர் மறித்தார்கள். கண்ணை வலது மூலைக்குத் திருப்பினாள். எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பந்து இடது பக்கம், நான்கு கால்களுக்கு நடுவே ஒரே ஒரு குத்தில் போய், ரிங்குக்கு அடியில் நின்ற பிள்ளையின் கையில் உட்கார்ந்தது. தான் தனியாக நிற்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. திடுக்கிட்டு லே-அப் போட்டாள், பந்து ரிங்கைச் சுற்றி வெளியே வந்துவிட்டது.

அந்த வேளையில் நான் டிரெயில் நடுவர், ஆட்டத்துக்குப் பின்னால் நிற்பவன். ரீபவுண்ட் எதிரணிக்குப் போன நொடியிலேயே நான் லீட் ஆகிவிடுகிறேன். பந்து வந்து சேர்வதற்கு முன்னால் அடுத்த ரிங்குக்கு அடியில் போய் நிற்க வேண்டியவன். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த பாஸை மனசுக்குள் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓட ஆரம்பித்தபோது எதிரணிப் பிள்ளை நடுக்கோட்டைத் தாண்டிவிட்டாள். மைதானம் 28 மீட்டர். 11-ஆம் எண் அந்தக் கடைசியிலிருந்து துரத்தி, லே-அப்புக்கு எழும்பியவளைப் பிடித்துவிட்டாள். என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. மேலே ஒரு கை. 'சப்' என்று ஒரு சத்தம். பந்து வெளியே போனது. என் விசிலும் ஊதியாகிவிட்டது. மேசையில் இருந்தவர் சிவப்பில் எழுதிய 5-ஐத் தூக்கினார். ஐந்தாவது ஃபவுல், அவளுக்கு ஆட்டம் அதோடு முடிந்தது. அவள் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். எதிரணி இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டது. இவர்கள் அடுத்த பந்தைத் தொலைத்தார்கள். 41-42.

விசிலைப் பற்றி மட்டும் என்றால் நான் எனக்காகப் பேச முடியும். பின்னாலிருந்து துரத்தி வந்து பிளாக் செய்தால் பெரும்பாலும் கை படும், இருபது வருடத்தில் நான் பார்த்தது அதுதான். பந்தில் அடிக்கிற சத்தம் வேறு, தோலில் அடிக்கிற சத்தம் வேறு. எழும்பிய பிள்ளையும் ஒரு பிள்ளைதானே? பட்டிருந்தால் அவளுக்கு நியாயம் வேண்டாமா? ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அது நடுவருக்குச் சுலபமான முடிவு, அவ்வளவுதான். அதோடு, அந்த லே-அப்பை விட்டது நான் இல்லை. அவள் அணி அன்று தவறவிட்ட ஃப்ரீ த்ரோ ஒன்பது. ஸ்கோர் ஷீட் நகலை வைத்து ராத்திரி எண்ணிப் பார்த்தேன். வேறு எந்த ஆட்டத்துக்கும் இப்படி உட்கார்ந்து எண்ணியது கிடையாது.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன் நான். ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே எங்களுக்கு நடுவர் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னது, "காதால ஊதாதே. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற இடைவெளியைப் பாரு, அது தெரியலேன்னா நீ நிக்கிற இடம் தப்பு." நெய்ஸ்மித் 1891-ல் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளிலும் இது இருக்கிறது. ஒரு அதிகாரி ஆட்களைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் பந்தைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு விநாடி நான் ஆட்களையும் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை. ரசித்துக்கொண்டிருந்தேன். அந்த முதல் விதிகளில் இன்னொன்றும் உண்டு. இரண்டாவது ஃபவுல் செய்தவர் வெளியே உட்கார வேண்டும், ஆனால் அடுத்த கோல் விழும்வரைக்கும்தான். வேண்டுமென்றே காயப்படுத்தினால்தான் ஆட்டம் முழுக்க வெளியே. அந்த விதி இப்போது இருந்திருந்தால் அந்த ஃப்ரீ த்ரோ விழுந்ததும் அவள் உள்ளே வந்திருப்பாள், கடைசிப் பந்து அவள் கையில் இருந்திருக்கும். இப்படியெல்லாம் யோசிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை, தெரியும்.

நம் பள்ளி ஆட்டங்கள் நாக்-அவுட். குறுவட்டம், வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். தோற்ற அணி அன்று சாயங்காலம் பஸ் ஏறிவிடும். அந்த அணியில் எப்பேர்ப்பட்ட பிள்ளை இருந்தாலும் அதுவும் அதே பஸ்ஸில்தான். மாநிலப் போட்டிக்கு வருகிற பிள்ளைகளைத்தான் தேசியப் பள்ளி விளையாட்டுக்கான தேர்வாளர்கள் பார்ப்பார்கள். அனிதா பால்துரை பெயரைச் சொல்லித்தான் என் பள்ளிப் பெண்களை மைதானத்துக்கு வரவழைக்கிறேன். சென்னைப் பெண், இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ என்று சொன்னால் வீட்டிலும் அனுப்புகிறார்கள். அப்படி ஒரு பிள்ளை எங்காவது முளைக்கிறதா என்று நாங்கள் எல்லோரும்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அன்று கண் முன்னால் ஒன்று நின்றது. அதைப் பார்த்து மயங்கி நின்றதால்தான் அதை வெளியே அனுப்பினேன்.

இல்லை, இப்படிச் சொல்வதும் சரியில்லை. உண்மையிலேயே மணிக்கட்டில் பட்டிருந்தால் இந்தப் புலம்பலுக்கே இடமில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பள்ளிப் பயிற்சியாளர் ஒரு வீடியோ அனுப்பினார். குற்றம் சொல்லி அனுப்பவில்லை. "பிள்ளை ஆட்டத்தைப் பாருங்க சார், விளையாட்டு விடுதித் தேர்வுக்கு யார்கிட்ட காட்டலாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். யாரோ ஒரு அப்பா போனில் எடுத்தது. அந்த பிளாக்கை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. கை மேலே போவது தெரிகிறது. அந்தக் கணத்தில் முன்னால் இருந்த ஒருவர் எழுந்திருக்கிறார், அவர் தோள் மறைக்கிறது. மறுபடி தெரியும்போது பந்து வெளியே போகிறது. அதனால் அது ஃபவுலா இல்லையா என்பதை அந்த வீடியோவும் சொல்லவில்லை. அது தெளிவாகக் காட்டுவது வேறு. லே-அப் தவறுகிறது, பத்துப் பிள்ளைகளும் இன்னொரு நடுவரும் திரும்பி ஓடுகிறார்கள், சாம்பல் சட்டை போட்ட ஒரு ஆள் மட்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சும்மா நிற்கிறான். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம்.

விசில் தப்பாகப் போகலாம். எந்த நடுவருக்கும் போகும். ஆனால் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. கடிகாரம் நின்றுவிட்டது, யாரும் கத்தவில்லை. "என் கோணம் சரியா இல்லம்மா, எனக்குச் சத்தம்தான் கேட்டது" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அவள் அணியினர் காதில் விழுந்திருக்கும், ஆட்சேபணை, கூச்சல். பக்கத்தில் நின்ற இளம் நடுவர் முன்னால் என் மரியாதை போயிருக்கும். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா என்றால் அதுவும் இல்லை. வாய் தானாக "மணிக்கட்டுல" என்றது. ஒரு இடத்தைச் சொன்னால் பார்த்தமாதிரி இருக்கும் என்று வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காலிறுதியில், இதே மாதிரி சத்தம் மட்டும் கேட்ட ஒரு தொடுதலுக்கு ஊதாமல் விட்டேன். சரியாகத்தான் செய்கிறோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அதே பிள்ளையை அடுத்தடுத்து இன்னும் இரண்டு தடவை அடித்தார்கள், மூன்றாவதில் விழுந்து கணுக்கால் வீங்கிப்போனது. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இளம் நடுவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது "பார்க்காமல் ஊதாதே" என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது குரல் முன்னைப்போல உறுதியாக வருவதில்லை.

11-ஆம் எண்ணை மறுபடி பார்த்தேன். பிளஸ் ஒன்னுக்கு விடுதியுள்ள வேறு பள்ளியில் இடம் கிடைத்துச் சேர்ந்திருந்தாள், 19 வயதுப் பிரிவில் ஆடினாள். ஆக, நான் எதையும் கெடுத்துவிடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று எனக்கு விசில் வேலை இல்லை, ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கால்பகுதியில் எதிரணி ஒரு ஃபாஸ்ட் பிரேக் போனது. இவள் துரத்தினாள், பிடித்தும்விட்டாள். கை தோளுக்கு மேலே எழுந்தது. அங்கேயே நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டாள். எதிரணிப் பிள்ளை சாவகாசமாகப் போட்டுவிட்டுப் போனாள். இவள் கணக்கில் அப்போது ஒரு ஃபவுல்கூட இல்லை. புதுப் பயிற்சியாளர் அப்படிச் சொல்லியிருக்கலாம். சிலர் சொல்வார்கள், ரெண்டு பாயிண்ட் போனால் போகட்டும், ஃபவுல் வாங்காதே என்று. நானே சொல்லியிருக்கிறேன்.

இடைவேளையில் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" வேர்த்து ஒழுகியது, சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன், சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தாள். அப்புறம் காலைப் பார்த்தேன்.

"ஷூ புதுசா?"

"ஆமா சார், ஸ்கூல்ல குடுத்தாங்க" என்றாள். அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஓடிவிட்டாள்.