ஒரே 300 குதிரைத்திறன், இரண்டு சுபாவம்

மலேசியாவில் சுபாங் விமான நிலையத்தில் சின்ன விமானங்கள் நிற்கும் பக்கம் பல வருடங்கள் விமானியாக வேலை பார்த்தேன். வாடகைக்கு ஆள் ஏற்றிப் போவது, செம்பனைத் தோட்டங்களை மேலிருந்து படம் எடுக்க வருகிறவர்களைக் கூட்டிப் போவது, இப்படித்தான் வேலை. என் கையில் மாறி மாறி வந்தவை இரண்டு: செஸ்னா 206, பைப்பர் செரோகி சிக்ஸ்.

தாளில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆளுக்கு ஆறு இருக்கை, 300 குதிரைத்திறன் எஞ்சின், மடங்காத சக்கரம். இறக்கையின் பரப்பளவுகூட இரண்டுக்கும் ஏறக்குறைய 16 சதுர மீட்டர். செஸ்னாவுக்கு இறக்கை மேலே, செரோகிக்குக் கீழே என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஓட்டுகிறவனுக்குப் பெரிய விஷயம் வேறு. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர், செரோகியினுடையது 10 மீட்டர். அதே பரப்பைக் குட்டையாக, அகலமாகச் செய்தால், வேகம் குறையும்போது நுனிகளில் சுழலும் காற்று இழுக்கிற இழுப்பு கூடிவிடும். அதனால் செரோகியில் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, மூடினால் விமானம் உடனே கீழே போகும். தரை தொடும் வரை கொஞ்சம் எஞ்சினை விட்டுவைத்தே இறக்கவேண்டும். பழகிவிட்டால் அது அழகான விமானம், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். மேடு பள்ளமான காற்றிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வாலில் இருக்கும் கிடைப்பலகை முழுவதுமே அசைவதால் மூக்கைத் தூக்க இரண்டு விரல் போதும்.

அந்த இரண்டு விரல்தான் என்னைச் சிக்கலில் மாட்டியது. மாதக்கணக்கில் செரோகியே ஓட்டிவிட்டு ஒருநாள் 206இல் ஏறினேன். முன்னால் நானும் கிள்ளானிலிருந்து வரும் மூத்த கேப்டனும், பின்னால் நான்கு இருக்கையும் காலி. அப்படிப் போனால் 206இன் மூக்கு நன்றாகக் கனக்கும். மூக்கின் கனத்தைக் கைக்கு லேசாக்கும் டிரிம் சக்கரத்தைப் பின்னால் சுற்றி வைத்துவிட்டு, தரைக்கு மேலே யோக்கை, அதாவது விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடியை, வலுவாகப் பின்னால் இழுக்கவேண்டும். நான் செரோகிக்கு இழுக்கிற அளவுதான் இழுத்தேன். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் இடித்தது. ஒருமுறை துள்ளி, பிறகு ஓடியது.

கேப்டன் சத்தம் போடவில்லை. நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு, "தம்பி, உன் கை இன்னும் செரோகியில இருக்கு" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது?

மெக்கானிக் எஞ்சின் மூடியைக் கழற்றி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்கில் இடித்தால் அடி அங்கேதான் போய்ச் சேரும். அவர் பார்த்து முடிக்கும் வரை எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. தகடு நேராக இருந்தது. அன்றிலிருந்து 206இல் இரண்டு பேராகப் போனால், ஒரு பெட்டி குடிதண்ணீர் பாட்டிலைக் கடைசியில் வைத்து வலைபோட்டுக் கட்டிவிடுவேன். செரோகியில் இந்த வேலை இல்லை. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே ஒரு சாமான் அறை, கடைசியில் இன்னொன்று, எடையை எப்படியும் பிரித்து வைக்கலாம்.

நம் ஊர் வெயிலையும் சொல்லவேண்டும். சுபாங் ஓடுபாதை 3,780 மீட்டர், அங்கே யாருக்கும் இடம் போதாமல் போகாது. ஆனால் மதியம் 34 டிகிரியில், கடல்மட்டத்தை ஒட்டிய அந்த இடத்திலும் காற்று சுமார் 2,300 அடி உயரத்தில் இருப்பதுபோல் லேசாகிவிடும். ஆள் நிறைந்த செரோகி தரையை விட்டு எழும்ப யோசிக்கும். கிழக்கே தித்திவங்சா மலையைத் தாண்டவேண்டிய நாளென்றால் நான் 206ஐத்தான் கேட்பேன், அதுவும் காலையிலேயே, மேகம் கட்டுவதற்குள்.

இவ்வளவு சொன்னாலும் 206இல் ஒன்றுக்கு நான் இன்றும் பயப்படுகிறேன். நான் ஓட்டிய 206க்கு முன்னால் வலப்பக்கம் கதவு கிடையாது. விமானியின் கதவை விட்டால், பின்னால் வலப்பக்கம் இருக்கும் இரட்டைக் கதவுதான். ஃபிளாப், அதாவது தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே விடும் பலகை, இறங்கியிருந்தால் அந்தக் கதவின் முன்பாதி ஃபிளாப்பில் முட்டி நின்றுவிடும். பின்பாதியின் கைப்பிடியோ முன்பாதி திறந்தால்தான் சுலபமாகக் கைக்கு வரும். 2018இல் கனடாவில் ஓர் ஏரியில் 206 நீர்விமானம் கவிழ்ந்து மூன்று பயணிகள் உள்ளேயே இறந்தார்கள். அந்த விசாரணையில் இந்தக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். செரோகியில் பின்கதவு இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. ஃபிளாப் அதைத் தொடாது.

அதனால் தியோமான் பக்கம் கடல்மேல் போகிற நாளில் நான் வாயால் மட்டும் விளக்குவதில்லை. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஃபிளாப்பை இறக்கி வைப்பேன். பின்னால் இருப்பவரைக் கண்ணை மூடச் சொல்லி, கதவைத் திறக்கச் சொல்வேன். ஒருமுறை பத்துமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை திறந்தார். "இன்னொரு தடவை செய்றேன் தம்பி" என்று அவரே கதவைச் சாத்தினார்.