அம்மாவின் கைபேசிக்கு ஒரு படுகப் பாடல்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேளையில் கைபேசி ஒன்று ஒலித்தால், எல்லாவற்றிலும் ஒரே மணியோசை இருப்பதால், நான்கு பெண்களும் ஈரக்கையோடு தத்தம் பையைத் துழாவுவார்கள். அதனால் அம்மாவுக்கு மிகவும் பிடித்த, நீலகிரிப் படுகர் மக்களின் மொழியிலான படுகப் பாடல் ஒன்றை ரிங்டோனாக வெட்டித் தர நேற்றிரவு உட்கார்ந்தேன்.

முதலில் கொட்டு முழங்கும் தொடக்கத்தை எடுத்தேன். கணினியில் கம்பீரமாக இருந்த அது கைபேசியில் வெறும் கடகடப்பாகக் கேட்டது. சிறிய ஸ்பீக்கர்களால் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக எழுப்ப முடியாது என்பதால், குழலும் பெண்குரலும் சேர்ந்து மேலேறும் இடத்துக்கு மாறி, ஆடாசிட்டி மென்பொருளில் 28 விநாடிகளைத் தாளவட்டம் முடியும் புள்ளியில் அறுத்தேன். அப்படி அறுத்தால்தான் பாடல் திரும்பத் தொடங்கும்போது தாளம் தடுமாறாது. அந்தத் துண்டை ஆண்ட்ராய்டு கைபேசியின் ‘ரிங்டோன்ஸ்’ கோப்புறையில் வைத்து, ஒலி அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் போதும். (ஐபோனில் கராஜ்பேண்ட் என்ற இசைச் செயலி வழியாகச் செய்வோருக்கு 30 விநாடிதான் வரம்பு.)

இன்று காலை சோதிப்பதற்காக நான் அழைத்தபோது அம்மா எடுக்கவேயில்லை. பாட்டு முழுவதும் ஒலிக்கட்டும் என்று, பறிப்பதை நிறுத்திவிட்டு, செடிகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.